படிப்ப விடப்போற பிள்ளைய தக்கவைக்கிற அந்த ஒரு ஆள்: மென்டரிங் நிஜமா எப்படி வேலை செய்யுது?

ஒரு பிள்ளை படிப்ப விட்டுடுச்சுன்னு கேள்விப்பட்டா நாம என்னமோ ஒருநாள் காலைல எந்திரிச்சு "இனி போகமாட்டேன்"னு முடிவெடுத்து பைய தூக்கி மூலைல போட்டுட்ட மாதிரி நினைச்சுக்கறோம். அப்படி நடக்கறது ரொம்ப கம்மி. முதல்ல வாரத்துக்கு ஒருநாள் லீவ், அப்புறம் ரெண்டு நாள், திரும்பி வரும்போது கணக்குல ரெண்டு பாடம் ஓடிப்போயிருக்கும், புரியாத கிளாஸ்ல எவ்ளோ நேரம்தான் உக்காந்திருக்கறது, இதுல டீச்சர் வேற எல்லார் முன்னாடியும் "வாங்க தொர, இப்பதான் வழி தெரிஞ்சுதா"ன்னு ஒரு கிண்டல், அந்த வெக்கத்துல மறுநாளும் லீவ், இப்படியே போய்ப்போய் ஒரு கட்டத்துல பேரு ரெஜிஸ்டர்ல இருக்கும் ஆள் இருக்காது. யாரும் முடிவெடுக்கல, ஆனா முடிவாகிடுச்சு.

இத ஆராய்ச்சி பண்றவங்க எண்ணிக்கையோட காட்டியிருக்காங்க. அமெரிக்காவுல பிலடெல்பியாவுல ராபர்ட் பால்ஃபான்ஸ்னு ஒரு ஆய்வாளரும் அவரோட சகாக்களும் ஆறாம் வகுப்புப் பசங்கள பல வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க. வருகை 80 சதவீதத்துக்குக் கீழ போறது, கணக்குலயோ மொழிப்பாடத்துலயோ ஃபெயில் ஆகறது, நடத்தைக்கு மோசமான கிரேடு வாங்குறது, இதுல ஒண்ணே ஒண்ணு ஆறாவதுலயே இருந்தா போதும், அந்தப் பிள்ளை பள்ளிப்படிப்ப ஒழுங்கா முடிக்காம போக முக்காவாசி வாய்ப்பு இருந்துச்சாம். யோசிச்சுப் பாருங்க, பதினொன்னு பன்னெண்டு வயசுலயே அறிகுறி தெரிஞ்சுடுது, பிள்ளை நிஜமா நிக்கறது பதினஞ்சு பதினாறுல. நடுவுல நாலு வருஷம் சும்மா கிடக்கு. மென்டரிங்னு நாம பேசறது அந்த நாலு வருஷத்துல யாராவது ஒருத்தர் உள்ள வந்து நிக்கறதப் பத்திதான்.

உலகத்துல இன்னிக்கு 25 கோடிக்கும் மேல பிள்ளைங்க பள்ளிக்கு வெளிய இருக்காங்கன்னு யுனெஸ்கோ சொல்லுது. இதுல ஸ்கூல் வாசலையே பாக்காதவங்களும் இருக்காங்க, சேர்ந்து பாதில நின்னவங்களும் இருக்காங்க. 1989ல வந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கைல 28ஆவது பிரிவு, பிள்ளைங்க ஒழுங்கா ஸ்கூலுக்கு வர்றதுக்கும் இடைநிற்றல குறைக்கறதுக்கும் அரசுகள் நடவடிக்கை எடுக்கணும்னு தெளிவா எழுதியிருக்கு. அதாவது சேக்குறதோட வேலை முடியல, தக்கவைக்கணும். சேர்க்கைக்கு விழா எடுக்குற எல்லாரும் தக்கவைக்கறதுக்கு ஏன் ஒண்ணும் செய்யறதில்லன்னா, அத போட்டோ புடிக்க முடியாது, அவ்ளோதான்.

யாரு இந்த பாதிக்கப்படக்கூடிய பிள்ளைங்க? வறுமை முதல் காரணம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா வறுமை மட்டும் இல்ல. அப்பாவோ அம்மாவோ இறந்துபோன பிள்ளை, வீட்ல நோயாளியப் பாத்துக்கற பிள்ளை, தம்பி தங்கச்சிய வளக்கறதே வேலையா இருக்கற பிள்ளை, ஹாஸ்டலுக்கும் சொந்தக்காரங்க வீட்டுக்கும் காப்பகத்துக்கும் மாறிமாறி போற பிள்ளை, அகதியா வந்து பாட மொழியே புரியாத பிள்ளை, மாற்றுத்திறனாளிப் பிள்ளை, சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்கொடுத்துடலாம்னு வீடே பேசிக்கிட்டிருக்கற பொண்ணு. இவங்களுக்குள்ள ஒரு பொதுவான விஷயம் இருக்கு. இவங்கள சுத்தி பெரியவங்க நிறைய பேர் இருப்பாங்க, ஆனா இந்தப் பிள்ளை இன்னிக்கு ஸ்கூலுக்குப் போச்சா இல்லையான்னு தனியா ஒரு கண்ணு வெச்சுப் பாக்க யாருக்கும் நேரமோ தெம்போ இருக்காது. டீச்சருக்கு ஒரு கிளாஸ் முழுக்க பசங்க, அம்மாவுக்கு ரெண்டு வேலை.

மென்டர்னு சொன்னதும் நிறைய பேர் மேடை ஏறி "உன்னால முடியும்"னு பேசறவங்கள நினைக்கறாங்க. அது இல்ல இது. ஒரு மணி நேரம் கைதட்டல் வாங்கிட்டுப் போற ஆளால ஒரு பிள்ளையும் தொடர்ந்து ஸ்கூலுக்குப் போனதா எனக்குத் தோணல. மென்டர் செய்யற வேலை ரொம்ப சாதாரணமா, சொல்லப்போனா கொஞ்சம் போரடிக்கற மாதிரி இருக்கும்.

முதல் வேலை, வரலன்னா கவனிக்கறது. "நேத்து ஏன்டா வரல?" அப்டின்னு ஒருத்தர் கேக்கறாங்க, அதுவும் திட்டறதுக்காக இல்லாம தெரிஞ்சுக்கறதுக்காக கேக்கறாங்க. நான் வரலன்னா ஒருத்தருக்குத் தெரியும்ங்கற நினைப்பு இருக்கே, அதுதான் அடுத்த நாள் காலைல அந்தப் பிள்ளைய எழுப்பற விஷயம். ரெண்டாவது, காரணத்த தோண்டி எடுக்கறது. ஸ்கூல் பதிவேட்ல "உடம்பு சரியில்லை"ன்னு இருக்கும். நிஜம் என்னன்னா ஷூ கிழிஞ்சுபோச்சு, இல்ல வர்ற வழில நாலு பசங்க வம்பிழுக்கறாங்க, இல்ல மாதவிடாய் நாள்ல ஸ்கூல் டாய்லெட்டுக்குக் கதவில்ல, இல்ல வகுப்புல சத்தமா படிக்கச் சொன்னா திக்கும்ங்கற பயம். இதெல்லாம் ஒரு பிள்ளை எச்எம் ரூம்ல போய் சொல்லாது, அப்பாகிட்ட சொல்லாது. "அக்கா ஒண்ணு சொல்வேன், யார்கிட்டயும் சொல்லக்கூடாது"ன்னு ஆரம்பிச்சு, பல மாசம் பழகின ஒரு அக்காகிட்டயோ அண்ணன்கிட்டயோதான் சொல்லும். இதுல பாதிப் பிரச்சனை, தெரிஞ்சா ஒரே வாரத்துல சரிபண்ணக்கூடியது. தெரியாம இருக்கறதுதான் சிக்கல்.

மூணாவதா ஒண்ணு இருக்கு, இத யாரும் பெருசா பேசறதில்ல, எனக்கு என்னமோ இதுதான் ரொம்ப முக்கியம்னு படுது: வழி தெரிஞ்ச ஆளா இருக்கறது. படிச்ச குடும்பத்துல பொறந்த பிள்ளைக்கு ஃபார்ம் எங்க வாங்கணும், கடைசி தேதி என்ன, ஃபெயிலான பாடத்த மறுபடி எப்போ எழுதலாம், எந்த குரூப் எடுத்தா என்ன படிக்கலாம், உதவித்தொகைக்கு யாரப் பாக்கணும்னு வீட்லயே தானா தெரிஞ்சுடும். குடும்பத்துலயே முதல்முதல்ல படிக்க வந்த பிள்ளைக்கு இது எதுவுமே தெரியாது, கேக்கணும்னு கூட தெரியாது. ஒரு தடவ ஃபெயில் ஆனதும் அவ்ளோதான் கதை முடிஞ்சுதுன்னு நினைச்சு வேலைக்குப் போய்டுது, மறுதேர்வுன்னு ஒண்ணு இருக்கறதே யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. இந்த எடத்துல மென்டர் அன்பா நாலு வார்த்தை பேசறதவிட கூட வந்து அந்த ஆபீஸ் வரிசைல நிக்கறதுதான் பிரயோஜனம்.

சரி, இதெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு, நிரூபணம் இருக்கான்னு கேட்டா, இருக்கு, ஆனா நாம நினைக்கற அளவு ஒரேயடியா இல்ல.

பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்னு ஒரு அமைப்பு. இதோட வேர் 1904ல நியூயார்க்ல இருக்கு, அப்போ சிறுவர் நீதிமன்றத்துல கிளார்க்கா இருந்த எர்னஸ்ட் கூல்ட்டர், கோர்ட்டுக்கு வர்ற பசங்களப் பாத்துட்டு, ஆளுக்கொரு பையனுக்கு அண்ணனா இருங்கன்னு ஊர்ல இருந்த பெரிய மனுஷங்ககிட்ட கேட்டதுலேருந்து ஆரம்பிச்சது. 1990கள் ஆரம்பத்துல இந்தத் திட்டத்துல 10லேருந்து 16 வயசு வரைக்கும் 959 பிள்ளைங்கள வெச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு. குலுக்கல் மாதிரி பாதிப்பேருக்கு உடனே மென்டர், மீதிப்பேர் காத்திருப்புப் பட்டியல்ல. 18 மாசம் கழிச்சுப் பாத்தா மென்டர் கிடைச்ச பிள்ளைங்க ஸ்கூலுக்கு மட்டம் போட்ட நாட்கள் மத்தவங்களவிட பாதிக்குப் பாதி கம்மி. போதைப்பொருள் புதுசா தொட்டவங்களும் 46 சதவீதம் கம்மி. ஆனா மார்க்? கொஞ்சூண்டுதான் ஏறுச்சு. இத கவனிக்கணும், ஏன்னா மென்டரிங்க டியூஷனோட குழப்பிக்கறவங்க இந்த எடத்துலதான் ஏமாந்து போறாங்க. மென்டர் வந்தா பிள்ளை முதல் ரேங்க் எடுக்காது. ஸ்கூலுக்கு வரும். வந்தாதான் மத்ததெல்லாம்.

அதே டேட்டாவ ஜீன் ரோட்ஸ்னு ஒரு உளவியல் பேராசிரியை திருப்பி ஆராய்ஞ்சப்ப இன்னொரு சுவாரசியமான விஷயம் வெளிய வந்துச்சு. மென்டரால வந்த நல்ல மாற்றத்துல ஒரு பெரிய பங்கு நேரடியா வரல, பிள்ளைக்கும் அப்பா அம்மாவுக்கும் இருந்த உறவு சரியானது வழியா வந்திருக்கு. வெளில ஒரு பெரியவங்க நம்பிக்கையா நடந்துக்கிட்டதும் வீட்டுப் பெரியவங்க மேலயும் பிள்ளைக்கு நம்பிக்கை திரும்புது. மென்டர் வந்தா பிள்ளை நம்மள மதிக்காதுன்னு பயப்படற பெற்றோர் நிறைய பேர் உண்டு, அவங்களுக்கு இத சொல்லணும். அதுக்காக மென்டர் அம்மா அப்பாவப் பத்தி பிள்ளைகிட்ட குறைசொல்லிட்டு இருந்தா இதெல்லாம் நடக்காதுங்கறதும் உண்மை.

இப்போ வர்றதுதான் நான் முக்கியமா சொல்ல நினைச்சது. 2002ல கிராஸ்மேன்னு இன்னொரு ஆய்வாளரும் ரோட்ஸும் சேர்ந்து, மென்டருக்கும் பிள்ளைக்கும் இருந்த உறவு எவ்ளோ நாள் நீடிச்சுதுன்னு பிரிச்சுப் பாத்தாங்க. ஒரு வருஷத்துக்கு மேல மென்டர் இருந்த பிள்ளைங்களுக்குத்தான் நல்ல பலன் நிறைய. ஆறு மாசம்னா அதவிட கம்மி. மூணு மாசத்துக்குள்ள மென்டர் விட்டுட்டுப் போன பிள்ளைங்களுக்கு? தன்மேல இருந்த மதிப்பு முன்ன இருந்ததவிட குறைஞ்சிருக்கு. மென்டரே இல்லாம இருந்திருந்தா தேவலாம்ங்கற நிலைமை. இது அதிர்ச்சியா இருந்தாலும் யோசிச்சா புரியும். ஏற்கனவே ரெண்டு மூணு பெரியவங்க விட்டுட்டுப்போன பிள்ளை அது. இன்னொருத்தரும் வந்து, பாசமா பேசி, ரெண்டு மாசத்துல காணாம போனா, அந்தப் பிள்ளை "அவங்களுக்கு வேலை மாறிடுச்சு போல"ன்னு நினைக்காது, "என்கிட்டதான் ஏதோ சரியில்ல"ன்னுதான் நினைக்கும். அதனால ஒரு வருஷம் இருக்க முடியாதவங்க மென்டரா சேர வேண்டாம்ங்கறது என் கருத்து. பணமா கொடுங்க, நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொடுங்க, அதுல ஒரு தப்பும் இல்ல. தன் ரெஸ்யூமேல ஒரு வரி சேக்கறதுக்காக ஒரு செமஸ்டர் மட்டும் வந்துட்டுப்போற காலேஜ் வாலன்டியர் திட்டங்கள பாத்தா எனக்குக் கோவம்தான் வருது.

நல்லெண்ணம் மட்டும் போதாதுங்கறதுக்கு இன்னும் பழைய ஒரு உதாரணம் இருக்கு. கேம்பிரிட்ஜ் சாமர்வில் ஆய்வுன்னு பேரு, மாசசூசெட்ஸ்ல 1939லேருந்து 1945 வரைக்கும் நடந்துச்சு. 500 பையன்களுக்கு மேல எடுத்துக்கிட்டு பாதிப்பேருக்கு ஆலோசகர் வீட்டுக்கே வந்து பேசறது, டியூஷன், மருத்துவ உதவி, கோடைமுகாம்னு அள்ளிக் கொடுத்தாங்க. 30 வருஷம் கழிச்சு ஜோன் மெக்கார்ட்ங்கற குற்றவியல் ஆய்வாளர் அந்தப் பையன்களத் தேடிப்பிடிச்சுக் கேட்டா, பெரும்பாலானவங்க "அந்தத் திட்டம் ரொம்ப உதவுச்சு"ன்னு சொல்றாங்க. ஆனா ரெக்கார்டு எடுத்துப் பாத்தா உதவி கிடைச்சவங்க குடிப்பழக்கம், மறுபடி குற்றம் செய்யறது, மனநோய், சீக்கிரம் இறந்துபோறது எல்லாத்துலயும் உதவி கிடைக்காதவங்களவிட மோசமா இருந்தாங்க. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் பேசறாங்க. கோடைமுகாமுக்கு ஒண்ணுக்கு மேற்பட்ட தடவ போன பையன்கள்தான் ரொம்ப பாதிக்கப்பட்டாங்கன்னு பின்னாடி தெரிஞ்சது, பிரச்சனைல இருக்கற பசங்கள ஒரே எடத்துல கூட்டமா போட்டா ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தர் என்ன கத்துக்குவாங்கன்னு சொல்லவா வேணும். உதவி வாங்கினவங்க நல்லா இருந்துச்சுன்னு சொல்றதே நிரூபணம் ஆகாதுங்கறது இதுல இன்னொரு பாடம், நன்கொடை கேக்கற அறிக்கைங்கள படிக்கும்போது இத மனசுல வெச்சுக்கணும்.

அப்போ எந்த மாதிரி மென்டரிங் பிள்ளைய ஸ்கூல்ல தக்கவைக்குது? படிப்ப விடாம பாத்துக்கறதுக்குன்னே உருவாக்கினதுல எனக்குப் பிடிச்சது செக் அண்ட் கனெக்ட். மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல 1990ல ஆரம்பிச்சது. இதுல மென்டர் சம்பளம் வாங்கற ஆளு, பயிற்சி எடுத்த ஆளு. பேருலயே வேலை இருக்கு, ஒரு பக்கம் வருகை, நடத்தை, மார்க் மூணையும் விடாம பாத்துக்கிட்டே இருக்கணும், இன்னொரு பக்கம் பிள்ளையோட, வீட்டோட, டீச்சரோட பேசிக்கிட்டே இருக்கணும். குறைஞ்சது ரெண்டு வருஷம் அதே ஆள். பிள்ளை வீடு மாறி வேற ஸ்கூலுக்குப் போனாலும் மென்டர் பின்னாடியே போகணும், அதுதான் இதோட அழகு, ஏன்னா இந்த மாதிரிப் பிள்ளைங்க நழுவறதே ஸ்கூல் மாறற நேரத்துலதான். கற்றல்லயோ மனநிலைலயோ சிரமம் இருக்கற பிள்ளைங்கள வெச்சு நடந்த முதல் ஆய்வுல ஒன்பதாம் வகுப்பு முடியும்போது இந்தத் திட்டத்துல இருந்தவங்கள்ல 9 சதவீதம் பேர் படிப்ப விட்டிருந்தாங்க, திட்டத்துல இல்லாதவங்கள்ல 30 சதவீதம். இன்னொரு ஆய்வுல நாலு வருஷக் கடைசில 39க்கு 58. ரெண்டாவது எண்ணிக்கைய நல்லா பாருங்க, மென்டர் இருந்தும் 39 சதவீதம் பேர் விட்டுட்டாங்க. மந்திரம் எல்லாம் இல்ல.

நியூயார்க்ல 2010லேருந்து 2013 வரைக்கும் நடந்த சக்சஸ் மென்டர் முயற்சியும் இதே மாதிரிதான். வருஷத்துல 10 சதவீத நாட்களுக்கு மேல வராத பிள்ளைங்களப் பட்டியல் எடுத்து ஆளுக்கொரு மென்டர். அவங்க தினமும் காலைல வாசல்ல நின்னு வரவேற்கறது, வரலன்னா வீட்டுக்குப் போன் போடறது. பலன் என்னன்னா ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு சராசரியா 9 நாள் கூடுதல் வருகை. 9 நாள்தானான்னு தோணும். கிட்டத்தட்ட ரெண்டு வாரப் பாடம் அது, எங்கயோ ஒரு கணக்குப் பாடத்துல தொலைஞ்சு போகாம இருக்கறதுக்கு அது போதும்.

ஆப்பிரிக்கால வேற விதமா செய்யறாங்க. கேம்ஃபெட்னு ஒரு அமைப்பு 1993ல ஜிம்பாப்வேல ஆரம்பிச்சது, ஆன் காட்டன் தொடங்கினது. அவங்க உதவில படிச்சு முடிச்ச பொண்ணுங்களே திரும்ப அதே ஊர் ஸ்கூலுக்கு வந்து சின்னப் பொண்ணுங்களுக்கு வழிகாட்டியா இருக்காங்க. வெளியூர்லேருந்து வந்த படிச்சவங்க சொன்னா "உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க"ன்னு தோணும். பக்கத்துத் தெருவுல, அதே கஷ்டத்துல வளந்த அக்கா சொன்னா எதிர்த்துப் பேச முடியாது. ஒரு பொண்ணு ஒரு வாரமா வரலன்னா அந்த அக்காவுக்கு அந்த வீடு எங்க இருக்குன்னு தெரியும், அம்மாவத் தெரியும், கல்யாணப் பேச்சு நடக்குதான்னு கூட முன்னாடியே காதுல விழுந்திருக்கும்.

மொத்தமா கூட்டிப்பாத்தா என்ன? 2019ல வந்த ஒரு தொகுப்பாய்வு, 70 ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்துச்சு. மென்டரிங்கோட சராசரிப் பலன் 0.21னு வந்துச்சு, புள்ளியியல் கணக்குல இது சின்னதுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது. இருக்கு, ஆனா அடக்கமா இருக்கு. சராசரின்னாலே நல்லா நடக்கற திட்டத்தையும் பேருக்கு நடக்கறதையும் ஒண்ணா கலக்கறதுதான், அதனால எந்தத் திட்டம்ங்கறதுதான் கேள்வி. இன்னொண்ணு, காசு செலவு பண்ண மனசில்லாத நிர்வாகங்கள் மென்டரிங்க ஒரு மலிவான மாற்று வழியா எடுத்துக்குதுங்க. பஸ் இல்லாத ஊருக்கு பஸ் விடணும், பசிக்கற பிள்ளைக்கு சாப்பாடு போடணும், அடிக்கற டீச்சர கண்டிக்கணும். இதுக்கு பதிலா பத்து வாலன்டியர அனுப்பி "மனசத் தளரவிடாத"ன்னு சொல்லவெச்சா அது ஏமாத்து வேலை. மென்டர் செய்யக்கூடியது, இந்த உதவியெல்லாம் இருந்தும் அது பிள்ளைகிட்ட போய்ச் சேராம நடுவுல நிக்கற எடத்துல கைகொடுக்கறது.

அமைப்பு எதுவும் இல்லாமலே இது நடக்கறதும் உண்டு. ஹவாய்ல கவாய் தீவுல 1955ல பொறந்த 698 பிள்ளைங்கள எம்மி வெர்னர்ங்கற உளவியல் ஆய்வாளர் பல பத்து வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோர் குடி, மனநோய்னு பல ஆபத்து ஒண்ணா சேர்ந்த வீட்ல வளந்தவங்கள்ல மூணுல ஒருத்தர் நல்லபடியா தலையெடுத்தாங்க. அவங்க வாழ்க்கைல திரும்பத்திரும்ப தென்பட்டது, பெத்தவங்க இல்லன்னாலும் அக்கறையா இருந்த யாரோ ஒரு பெரியவங்க, ஒரு பாட்டி, ஒரு டீச்சர், ஒரு பக்கத்து வீட்டுக்காரங்க. அதனால வெளிலேருந்து ஆள் கொண்டுவர்றதுக்கு முன்னாடி, "உனக்கு இப்ப யாரு மேல நம்பிக்கை?"ன்னு பிள்ளைகிட்டயே கேட்டு, அந்த ஆளக் கூப்பிட்டு பயிற்சி கொடுத்தா பல எடத்துல போதும்.

திட்டம் நடத்தறவங்களுக்கும் அதுல சேரப்போறவங்களுக்கும் கேக்கறதுக்கு சில கேள்விகள் இருக்கு. மென்டரோட பின்னணிய விசாரிச்சாங்களா, இது முதல்ல, பிள்ளைங்களோட தனியா இருக்க வாய்ப்பு தேடி வர்றவங்களும் இந்த மாதிரி எடத்துக்குத்தான் வருவாங்க. சந்திப்பு நாலு பேர் பாக்கற எடத்துல நடக்குதா? மென்டர் தடுமாறினா பேச ஒரு ஆள் இருக்கா, பெரும்பாலான மென்டர்கள் ரெண்டாவது மூணாவது மாசம் "இந்தப் பிள்ளை என்கூட பேசவே மாட்டேங்குது"ன்னு சோர்ந்து போய்தான் நிக்கறாங்க, அந்த நேரத்துல தாங்கிப்பிடிக்க ஆள் இருந்தா ஒரு வருஷம் தாண்டிடுவாங்க. பிள்ளை ஒரு கொடுமையச் சொன்னா யார்கிட்ட போகணும்னு மென்டருக்குத் தெரியுமா? "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்"னு வாக்கு கொடுக்கக்கூடாதுன்னு சொல்லிக்கொடுத்தாங்களா? வருகைப் பதிவேட்ட மென்டரோட பகிர்ந்துக்க ஸ்கூல் ஒத்துக்கிச்சா? இது இல்லன்னா மென்டர் கண்ணக் கட்டிக்கிட்டு வேலை செய்யற மாதிரி.

முடிச்சுக்கறது எப்படின்னும் ஆரம்பத்துலயே பேசணும். வேலை மாறும், கல்யாணம் ஆகும், உடம்புக்கு முடியாம போகும், யாரும் காலம்பூரா இருக்க முடியாது. போறதுன்னா ரெண்டு மூணு மாசம் முன்னாடியே பிள்ளைகிட்ட நேர்ல சொல்லணும், போன்ல வேண்டாம், மெசேஜ்ல சுத்தமா வேண்டாம். காரணத்த உள்ளபடி சொல்லணும், உன்னால இல்லன்னு வாய்விட்டு சொல்லணும். அப்புறம் புது மென்டர கூட்டிட்டு வந்து மூணு பேரும் சேர்ந்து சில தடவ உக்காந்து பேசிட்டு, எந்தப் பாடம் கஷ்டம், எந்த நாள்ல லீவ் போட வாய்ப்பு அதிகம், வீட்ல யார்கிட்ட பேசினா வேலை நடக்கும்னு எல்லாத்தையும் பிள்ளை முன்னாடியே ஒப்படைச்சுட்டு போகணும். ஸ்கூல் திறக்கற மாசத்துலயும் பரீட்சைக்கு முந்தின மாசத்துலயும் மட்டும் இந்த மாத்தத்த வெச்சுக்கக்கூடாது.